கடவுளைப் பற்றி நேரு எழுதிய கடிதங்கள்

ஸ்ரீபெரும்புதூர், மகான் ராமானுஜர் அவதரித்த ஊர். அங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்கு நாள்தோறும் பக்தர்கள் வருகிறார்கள்.

அதே ஊரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை தொடங்கியது. காலையில் கோவில் மணி ஒலிக்கிறது. அதே வேளையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன.

இந்த ஊரில்தான் 1991-ம் ஆண்டு மே 21-ந் தேதி இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்குப் பலியானார். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது.

ராஜீவ் காந்தியின் தாத்தா பண்டித ஜவகர்லால் நேரு. சுதந்திர இந்தியாவின் முதல் பிரதமர். ஏறக்குறைய 17 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர்.

கோவில்கள் நிறைந்த நாட்டை ஆண்ட அவருக்குக் கோவில் வழிபாட்டில் நம்பிக்கை கிடையாது. அவருடைய நம்பிக்கையெல்லாம் அணைகள் மேலும் ஆலைகள் மேலும் இருந்தது.

இதை அவர் மறைத்ததும் இல்லை. மற்றவர்கள் மேல் திணித்ததும் இல்லை. மனதில் இருந்ததை மகளுக்கும், மகாத்மா காந்திக்கும், ஜனாதிபதிக்கும் எழுதிய கடிதங்களில் திறந்து காட்டினார்.

பக்தர்கள் நடுவே, பக்தி இல்லாத ஒருவர் எப்படி வாழ்ந்தார்? அந்தக் கடிதங்கள் சொல்லும் கதை இது.

தாயுடன் கங்கைக்கு

நேரு 1889-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். கங்கையும் யமுனையும் கூடும் ஊர் அது.

தந்தை மோதிலால் நேரு பேர் பெற்ற வக்கீல். பணத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் கடல் கடந்து போனால் பாவம் என்பார்கள். மோதிலால் ஐரோப்பா போய் வந்தார். பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்று சாதியார் வற்புறுத்தினார்கள். முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

தாய் சொரூபராணியோ தெய்வ பக்தி மிகுந்தவர். பூஜை, விரதம், கங்கை நீராடல் எதையும் விடமாட்டார். மகனையும் கூட்டிக்கொண்டு போவார். சிறுவன் ஜவகர் கங்கையில் குளிப்பான். கோவில்களைச் சுற்றி வருவான். பண்டிகை என்றால் அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் அப்பாவும் பெரிய அண்ணன்மாரும் இந்தச் சடங்குகளைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவார்கள். ஆகவே, சாமி கும்பிடுவது பெண்களின் காரியம் என்று சிறுவன் எண்ணிக்கொண்டான்.

ஒரே வீட்டில் இரண்டு வழிகள். ஆனாலும் குடும்பம் ஒன்றாகவே இருந்தது. இது அவர் படித்த முதல் பாடம்.

13 வயதுச் சிறுவன்

நேருவுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க புரூக்ஸ் என்ற ஆசிரியர் அமர்த்தப்பட்டார். அவர் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். சென்னை அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சபைதான்.

அவருடைய பேச்சு சிறுவனைக் கவர்ந்தது. மறுபிறவி, கர்மம், உபநிஷதம் என்று என்னென்னவோ கேட்டான். தானும் சபையில் சேருவேன் என்றான். தந்தை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரே அவனைச் சபையில் சேர்த்தார். அப்போது அவனுக்கு வயது 13.

புரூக்ஸ் விலகிச் சென்றதும் அந்த ஆர்வமும் தணிந்துவிட்டது.

1905-ல் நேரு இங்கிலாந்து சென்றார். ஹாரோ பள்ளியிலும், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிலும் படித்தார். ரசாயனமும், தாவர நூலும், மண்ணியலும் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள். எதையும் சோதித்துப் பார்த்து, காரணம் கண்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம் அங்கே ஊறியது. பிறகு பாரிஸ்டர் ஆகித் திரும்பினார்.

மகளுக்குச் சொன்ன கதை

1928-ம் ஆண்டு கோடைக்காலம். மகள் இந்திராவுக்கு 10 வயது. முசூரி மலையில் தங்கியிருந்தாள். தந்தையோ கீழே அலகாபாத்தில் வெயிலில் இருந்தார். மகளுடன் பேச முடியாத குறையைக் கடிதங்களால் தீர்த்துக்கொண்டார்.

பூமி எப்படித் தோன்றியது, உயிர்கள் எப்படி வளர்ந்தன, மனிதன் எப்படி வாழக் கற்றான் என்று ஒவ்வொன்றாக எழுதினார். மதம் எப்படிப் பிறந்தது என்ற கேள்வியும் வந்தது.

ஆதி மனிதன் இடியைக் கண்டு அஞ்சினான். வெள்ளத்தைக் கண்டு அஞ்சினான். மலையிலும் ஆற்றிலும் மேகத்திலும் கோபக்காரத் தெய்வம் இருப்பதாக எண்ணினான். அந்தக் கோபத்தைத் தணிக்கப் படையல் வைத்தான். இப்படி அச்சத்தில்தான் மதம் தொடங்கியது என்று மகளுக்கு விளக்கினார்.

சொந்தப் பாட்டி பூஜை செய்யும் வீட்டில் வளரும் குழந்தைக்கு எழுதிய கடிதம் இது! இந்தக் கடிதங்கள் 1929-ல் புத்தகமாக வந்தன.

அடுத்த ஆண்டு அவர் நைனி சிறையில் இருந்தார். இந்திராவின் 13-வது பிறந்த நாள் வந்தது. பரிசு அனுப்ப வழியில்லை. கடிதமே பரிசாயிற்று. அந்தக் கடிதத்தின் தேதி 1930 அக்டோபர் 26.

ஆங்கிலக் காலண்டர்படி இந்திராவின் பிறந்த நாள் நவம்பர் 19. ஆனால் வீட்டில் பழைய சம்வத் பஞ்சாங்கப்படி பிறந்த நாளைக் கணக்கிட்டார்கள். சடங்கை நம்பாதவர் பஞ்சாங்கப் பிறந்த நாளை மறக்கவில்லை. வீட்டாரின் வழக்கத்தோடு அவர் சண்டை போட்டதில்லை.

1933 வரை சிறைகளிலிருந்து மகளுக்கு இப்படி ஏறக்குறைய 200 கடிதங்கள் எழுதினார். அதுவே உலக வரலாறாக வெளிவந்தது. புத்தர், ஏசு, முகமது நபி ஆகியோரைப் பற்றி அதில் மதிப்போடு எழுதியிருக்கிறார். மதத்தின் பெயரால் மனிதரை மனிதர் வதைத்த கதைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

சிறை மேஜையில் புத்தர்

1931-ல் தந்தை மோதிலால் காலமானார். துக்கமும் களைப்பும் சேர்ந்து நேருவை வாட்டின. மனைவி கமலாவையும் இந்திராவையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார்.

அனுராதபுரத்தில் ஒரு பழைய புத்தர் சிலை. தியானத்தில் அமர்ந்த கோலம். அந்த முகத்தின் அமைதி நேருவின் மனதில் பதிந்துவிட்டது.

மறு ஆண்டு அவர் டேராடூன் சிறையில் இருந்தபோது, இலங்கை நண்பர் ஒருவர் அந்தச் சிலையின் படத்தை அனுப்பினார். நேரு அதைத் தம் சிறை அறையின் சிறிய மேஜை மேல் வைத்துக்கொண்டார். தனிமையில் அது அவருக்குத் துணையாக இருந்தது. பூ வைத்துக் கும்பிடவில்லை. பார்த்துப் பார்த்துத் தெம்பு பெற்றார்.

மகாத்மாவுக்கு ஒரு தந்தி

1933-ம் ஆண்டு மே மாதம் பெரிய சோதனை வந்தது.

எரவாடா சிறையில் இருந்த மகாத்மா காந்தி, 21 நாள் உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தார். தீண்டாமை ஒழிய, தாமும் தம்மோடு உழைப்பவர்களும் மனத்தூய்மை பெறவேண்டும் என்பது அவர் நோக்கம். கடவுளின் கட்டளை என்றே அதை அவர் நம்பினார். அப்போது அவருக்கு வயது 63. உயிர் பிழைப்பாரா என்று நாடே கலங்கியது.

உண்ணாவிரதத்துக்கு முன்பு அவர் டேராடூன் சிறையில் இருந்த நேருவுக்குக் கடிதம் எழுதினார். இந்த முடிவோடு மனம் போராடியபோது ஜவகர் தம் கண் முன்னே நிற்பது போலவே இருந்தது என்று தெரிவித்தார்.

நேரு என்ன பதில் சொல்வார்? கடவுளின் குரல் என்பதை அவர் ஏற்றவர் அல்லர். தந்தைக்குச் சமமான பெரியவரோ மரணத்தின் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் ஆறுதலுக்காக ஒரு பொய் சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நேரு பொய் சொல்லவில்லை.

புரியாத விஷயத்தைப் பற்றித் தாம் என்ன சொல்ல முடியும் என்று தந்தி கொடுத்தார். முன்பின் தெரியாத தேசத்தில் வழி தவறியவனைப்போல் இருட்டில் தடுமாறுவதாகச் சொன்னார். அந்த ஊரில் தமக்குத் தெரிந்த ஒரே அடையாளம் காந்தியடிகள்தான் என்றார். என்ன நேர்ந்தாலும் தம் அன்பும் நினைவும் அவரோடு இருக்கும் என்றும் தெரிவித்தார்.

அதைத் தொடர்ந்து ஒரு கடிதமும் எழுதினார். மதம் தமக்குப் பழக்கமான இடம் அல்ல என்றும், வயது ஏற ஏற அதிலிருந்து விலகி வந்துவிட்டதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாகத் தம்மிடம் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது அறிவையும் தர்க்கத்தையும்விடப் பழமையானது. அதுவே பலமும் நம்பிக்கையும் தருகிறது என்றார். மற்றபடி தம் புத்தியையே நம்பி நடப்பதாகச் சொன்னார். அது பலவீனமான ஊன்றுகோலாக இருக்கலாம். ஆனால் தேடிப் பார்த்தும் அதைவிட நல்லது கிடைக்கவில்லை என்பது அவர் பதில்.

உண்ணாவிரதம் தொடங்கிய அன்றே சர்க்கார் காந்தியடிகளை விடுதலை செய்தது. 21 நாளும் நிறைவேறின. அவர் பிழைத்துக்கொண்டார். இருவர் உறவும் பிழைத்துக்கொண்டது.

பூகம்பமும் பாவமும்

அடுத்த ஆண்டே இன்னொரு சோதனை. 1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பயங்கரப் பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று திருநெல்வேலியில் பேசினார்.

கவி தாகூர் இதைக் கண்டித்தார். நேருவுக்கும் இது பிடிக்கவில்லை. பூகம்பத்தில் செத்தவர்களில் தீண்டாமையால் துன்பப்பட்டவர்களும் உண்டே! அப்பாவிகளை ஏன் தண்டிக்கவேண்டும்? விஞ்ஞானத்துக்கு இதைவிட மாறான பேச்சு இருக்க முடியாது என்று தம் சுயசரிதையில் எழுதினார்.

ஆனால் கருத்து வேற்றுமை பேசிக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பீகாருக்குப் போனார். மோங்கீர் நகரில் மண்வெட்டி எடுத்து இடிபாடுகளைத் தோண்டினார். காந்தியடிகளும் பீகாருக்கு வந்து துயருற்ற மக்களிடையே பணி செய்தார். ஒருவர் கடவுளை நம்பினார், ஒருவர் நம்பவில்லை. துயர் துடைக்க இருவரும் அங்கே வந்தார்கள்.

1942 ஜனவரியில் காந்தியடிகள் தம் வாரிசு யார் என்று அறிவித்தார். ராஜாஜி அல்ல, ஜவகர்லால்தான் என்றார். ராஜாஜி காந்தியடிகளின் சம்பந்தி, பக்திமான். நேருவுக்குப் பக்தி இல்லை என்பது காந்தியடிகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

கமலாவின் வழி

நேருவின் வீட்டுக்குள்ளும் இதே நிலைதான்.

மனைவி கமலா நோயாளி. கணவரோ அடிக்கடி சிறையில் இருந்தார். கமலாவின் மனம் ஆன்மீகத்தில் ஆறுதல் தேடியது. ராமகிருஷ்ண மடத்துத் துறவியிடம் தீட்சை பெற்றார். கணவர் போகாத வழியில் மனைவி போனார்.

1936 பிப்ரவரி 28-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் கமலா காலமானார். அங்கேயே தகனம் நடந்தது. நேரு அஸ்தியை அலகாபாத்துக்குக் கொண்டுவந்து கங்கையில் சேர்த்தார். சில வாரங்களில் வெளியான தம் சுயசரிதையை, மறைந்த கமலாவுக்கே காணிக்கையாக்கினார்.

1942 மார்ச் 26-ந் தேதி இந்திராவுக்கும் பெரோஸ் காந்திக்கும் அலகாபாத் ஆனந்த பவனத்தில் திருமணம். மாப்பிள்ளை பார்சி மதத்தவர். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. நேரு அசையவில்லை. திருமணம் வேத முறைப்படி, அக்கினி சாட்சியாக நடந்தது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத தந்தை பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

ஜனாதிபதிக்குக் கடிதம்

சுதந்திரம் வந்தது. நேரு பிரதமர் ஆனார். இப்போது அதிகாரம் அவர் கையில். தம் கருத்தை நாட்டின் மேல் ஏற்றினாரா?

குஜராத்தில் கடலோரம் உள்ள சோமநாதர் ஆலயம் பல நூற்றாண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்தை அழைத்தார்கள். அவர் ஆழ்ந்த பக்தர்.

1951 மார்ச்சில் நேரு ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். கோவிலுக்குப் போவது தனி மனிதரின் உரிமை. ஆனால் நாட்டின் தலைவர் இவ்வளவு ஆடம்பரமான விழாவில் கலந்துகொண்டால், அரசாங்கமே ஒரு மதத்தின் பக்கம் சாய்வதாகத் தோன்றும் என்பது அவர் கவலை. பாகிஸ்தான் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. தமக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அழைப்பைத் தட்ட முடியாது என்று ஜனாதிபதி கருதினால் தாம் மேலும் வற்புறுத்தப்போவதில்லை என்றும் எழுதினார்.

போவதில் தவறில்லை என்று ராஜேந்திர பிரசாத் பதில் அளித்தார். மற்ற மதத்தார் தம் வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்தாலும் போவேன் என்பது அவர் நிலை. 1951 மே 11-ந் தேதி அவர் சோமநாதபுரம் சென்றார். நேரு போகவில்லை.

அதற்கு முன்பே நேரு முதல் மந்திரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். இது சர்க்கார் விழா அல்ல என்று அதில் தெளிவாக்கினார்.

இருவரும் பிரிந்துவிட்டார்களா? இல்லை. 1962 வரை ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியாகவும் நேரு பிரதமராகவும் பணியாற்றினார்கள்.

கோட்டைக்கு வந்த கடிதங்கள்

1947 அக்டோபர் முதல் 1963 முடிய, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நேரு எல்லா முதல் மந்திரிகளுக்கும் எழுதி வந்தார். அவை அந்தரங்கக் கடிதங்கள். அவர் காலத்துக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்புதான் அச்சில் வந்தன.

சென்னைக் கோட்டைக்கும் அந்தக் கடிதங்கள் வந்தன. வள்ளலார் பக்தரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், ராமாயணமும் மகாபாரதமும் எழுதிய ராஜாஜி, எளிய வாழ்க்கை வாழ்ந்த காமராஜ் என்று பலரும் அவற்றைப் பெற்றார்கள்.

பிரிவினைக் கலவரம் கொழுந்துவிட்ட 1947-ம் ஆண்டிலேயே, முதல் கடிதத்தில் நேரு ஒன்றை வலியுறுத்தினார். இந்தியாவில் வாழும் முஸ்லிம்கள் வேறு எங்கும் போக முடியாதவர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பும் குடிமக்களுக்குரிய உரிமையும் கொடுத்தே தீரவேண்டும் என்றார்.

கடவுளை நம்பாதவர், கடவுளை நம்புகிறவர்களின் உரிமைக்குக் காவல் நின்றார். நம்பிக்கை என்பது அவரவர் மனதுக்குள் இருக்கும் சொத்து. சர்க்கார் அதில் கை வைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. நாஸ்திகத்தைச் சர்க்கார் கொள்கையாக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை.

17 நாட்களில் இரண்டு காரியங்கள்

1954-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி நேரு தம் உயிலை எழுதினார்.

ஜூலை 8-ந் தேதி பஞ்சாபில் பக்ரா நங்கல் கால்வாயைத் திறந்து வைத்தார். மக்கள் நலனுக்காக மனிதர்கள் உழைக்கும் இப்படிப்பட்ட இடங்களே இந்தக் காலத்துக் கோவில்கள் என்று அங்கே பேசினார்.

இரண்டுக்கும் இடையே 17 நாட்கள்தான்.

அவர் சொன்ன புதுக் கோவில்கள் தமிழ்நாட்டிலும் எழுந்தன. 1955 அக்டோபர் 2-ந் தேதி பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை அவரே தொடங்கி வைத்தார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் எந்திரத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைத்து ஆயுத பூஜை கொண்டாடும் நாட்டில், கோவிலும் ஆலையும் பகையாகிவிடவில்லை.

உயிலில் என்ன எழுதினார்? தாம் இறந்த பிறகு எந்த மதச் சடங்கும் செய்யக்கூடாது என்றார். அவற்றில் தமக்கு நம்பிக்கை இல்லை. பேருக்காகச் செய்தாலும் அது தம்மையும் மற்றவர்களையும் ஏமாற்றுவதாகும் என்றார்.

அஸ்தியில் ஒரு கைப்பிடியை மட்டும் அலகாபாத்தில் கங்கையில் விடச் சொன்னார். அதற்கு மத காரணம் எதுவும் இல்லை என்பதையும் எழுதி வைத்தார். சிறு வயது முதல் பார்த்துப் பழகிய ஆறு. இந்தியாவின் பழம்பெருமைக்கு அடையாளமான ஆறு. அந்தப் பாசம்தான். தாயுடன் குளித்த கங்கையை அவர் மறக்கவில்லை.

மிச்சம் உள்ள அஸ்தியை விமானத்தில் எடுத்துச் சென்று, உழவர்கள் பாடுபடும் வயல்களில் தூவச் சொன்னார்.

நிறைவேறாத ஆசை

1964 மே 27-ந் தேதி பிற்பகல் நேரு காலமானார். மறுநாள் டில்லியில் யமுனைக் கரையில் தகனம் நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் கதறி அழுதார்கள்.

சிதையருகே புரோகிதர்கள் இருந்தார்கள். மந்திரம் ஓதினார்கள். பேரன் சஞ்சய் தீ மூட்டினார். மூத்த பேரன் ராஜீவ், தாத்தா படித்த அதே டிரினிடி கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று அவர் எழுதி வைத்த சடங்கு நடந்தது.

செய்தவர்கள் அவருக்குப் பகைவர்கள் அல்லர், அன்பு கொண்டவர்கள். துக்க வீட்டில் எல்லோருக்கும் வரும் தயக்கம்தான் அங்கும் வந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் எப்படி வழியனுப்புவது? ஊர் என்ன சொல்லும்? நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை.

ஆனாலும் நினைத்துப் பார்க்கவேண்டிய விஷயம் இது. தாய் கங்கைக்குப் போனபோது அவர் தடுக்கவில்லை. மனைவி தீட்சை பெற்றபோது தடுக்கவில்லை. மகளின் திருமணத்தில் மந்திரம் ஒலித்தபோது எழுந்து போகவில்லை. ஜனாதிபதி கோவிலுக்குப் போனபோது தம் கருத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எல்லோருடைய மனச்சாட்சிக்கும் இடம் கொடுத்தவர், கடைசியில் தம் மனச்சாட்சிக்கும் ஓர் இடம் கேட்டார். அது மட்டும் கிடைக்கவில்லை.

கோவிலுக்குப் போகாத மகனைப் பக்தியுள்ள தகப்பன் பொறுத்துக்கொள்ளவேண்டும். பூஜை செய்யும் தாயைப் பக்தியில்லாத மகன் மதிக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொறுத்துக்கொண்டால் போதாது.

உயிலின் மற்றப் பகுதி நிறைவேறியது. ஜூன் மாதம் ஒரு கைப்பிடி அஸ்தி திரிவேணி சங்கமத்தில் கலந்தது. மிச்சத்தை விமானங்கள் நாடெங்கும் கொண்டு சென்றன. உழுத வயல்களில் அது விழுந்து மண்ணோடு மண்ணாயிற்று.